மேத்தன் மணி செய்த கதை

மன்றச் செயலாளர் இம்மலருக்குக் கட்டுரை கேட்டு என் அறைக் கதவை மும்முறை தட்டினார். முதன்முறை வந்தபோது, "சங்க இலக்கியத்தில் ஏதாவது எழுது" என்றார். இரண்டாம் முறை, "ஏதாவது எழுது" என்றார். மூன்றாம் முறை அவர் வந்த வேளையில் என் மேசைமேல் இரண்டு பிளைவுட் ஆட்டுக்கடாக்கள் ஒன்றையொன்று நோக்கித் தலை குனிந்து நின்றன. அவற்றைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். "சரி, இதைப் பற்றியே எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகவே, நண்பர்களே, நான் இயற்பியல் மாணவன், எனக்குத் தெரிந்தது இந்தக் கடாக்களின் கதைதான். பொறுத்துக்கொள்க.

கிழக்கேகோட்டைக்குள் நுழைந்து பத்மநாபசுவாமி கோயிலை நோக்கி நடந்திருப்பீர்கள். பத்மதீர்த்தக் குளத்தருகே கருவேலப்புர மாளிகையின் முகப்பில், உயரத்தில், ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்கு மேலே தாடி வைத்த ஒரு மனித முகம். முகத்தின் இரு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி அடிக்கும்போது அந்த மனிதர் வாயைத் திறப்பார், கடாக்கள் இரண்டும் பாய்ந்து வந்து அவர் கன்னங்களில் மோதும். எத்தனை மணியோ அத்தனை மோதல். இதைத்தான் ஊரார் மேத்தன் மணி என்கின்றனர். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1840-ஐ ஒட்டி அமைத்தது. 1837-இல் இந்நகரில் தொடங்கிய வானியல் ஆய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த கால்டிகாட் என்ற ஆங்கிலேயர் கடிகாரத்தின் முகப்பைச் சென்னையிலிருந்து கொண்டுவந்தார் என்றும், குளத்தூக்காரன் என வழங்கிய உள்ளூர்க் கைவினைஞர் மற்றதைச் செய்து முடித்தார் என்றும் சொல்வர்.

நாகர்கோவில்காரனாகிய நான் இதை முதன்முதல் பார்த்தது ஆறு வயதில். தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். மணி பன்னிரண்டு. கடாக்கள் மோதி முடிப்பதற்குள் நான் அழுது முடித்துவிட்டேனாம். "அந்த ஆளுக்குக் கன்னம் வலிக்காதா?" என்று பேருந்தில் வடசேரி வரை கேட்டுக்கொண்டே வந்தேனாம். தாத்தா இன்றைக்கும் இதைச் சொல்வார்.

தாத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். 1964 முதல் 36 ஆண்டுகள் அரசு அலுவலகம் ஒன்றில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தவர். பாலம், மதகு, பள்ளிக்கூடக் கட்டடம் என்று வரைந்து தள்ளியவர். கஞ்சி போட்டு மெருகேற்றிய டிரேசிங் துணியில் இந்தியன் மையால் கோடு இழுப்பார். ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் துணி வெளுத்துவிடும். சித்திரை மாதத்தில் மின்விசிறி போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் வியர்வை விழும். இந்த இக்கட்டில் 36 கோடைகளைக் கழித்தவருக்கு இயல்பாகவே பொறுமை மிகுதி. அது பேரனுக்கு வரவில்லை.

முதுகலை படிக்க நான் திருவனந்தபுரம் வந்தபோது மேத்தன் மணிக்கு ஒரு சிறிய மாதிரி செய்யவேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. முகம் 12 சென்டிமீட்டர் உயரம், பக்கத்துக்கு ஒரு கடா, கீழே ஒரு கைப்பிடி, அவ்வளவே. கைப்பிடியைச் சுற்றினால் கடா மோதவேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியும் மோதவேண்டும். தாத்தாவிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் வண்டி ஏறி வந்துவிட்டார். இருவரும் மாளிகைக்கு எதிரே ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்தோம். பைக்குள்ளிருந்து ஓர் அடிக்கோலை எடுத்தார். கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை அடிக்கோலின்மேல் நகர்த்தி, கடாவின் நீளம் எவ்வளவு, முகத்தின் அகலம் எவ்வளவு என்று விகிதம் பார்த்தார். பார்த்ததை நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்களின் பின்புறத்தில் பென்சிலால் குறித்தார். கடைக்காரர் எங்களுக்கு ஏதோ மனக்கோளாறு என்று முடிவு கட்டியிருக்கவேண்டும். தேநீருக்குக் காசு வாங்கவில்லை.

எண்ணி மோதுவது எப்படி? பழைய மணிக்கூண்டுகளில் இதற்கு ஒரு சக்கரம் உண்டு. எண்ணுச் சக்கரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பில் 12 வெட்டுகள். வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வளர்ந்துகொண்டே போகும். ஒரு நெம்புகோலின் நுனி விளிம்பின்மேல் ஊர்ந்து செல்லும்வரை அடி விழும், வெட்டில் விழுந்தால் அடி நிற்கும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் 78. எனவே வட்டத்தை 78 சம பங்காகப் பிரிக்கவேண்டும். 360 பாகையை 78-ஆல் வகுத்துப் பாருங்கள், வழுவழுப்பான எண் வராது.

"இதுக்கு என்ன செய்வீங்க தாத்தா?" என்று கேட்டேன்.

"லேய் மக்கா, எழுபத்தெட்டுன்னா ஆறு பதிமூணு. வட்டத்தை அதோட ஆரத்தாலேயே ஆறாப் பிரி. அதுக்குக் கணக்கே வேண்டாம். ஒவ்வொரு பங்கையும் டிவைடரை வச்சுப் பதிமூணா நடத்திப் பாரு. முதல்ல தப்பும். மூணாந்தரம் சரியா வரும்."

நான் மூன்றாம் தரம்வரை காத்திருக்கும் ஆளில்லை. கணிப்பொறியில் வரையத் தொடங்கினேன்.

எந்த மென்பொருளில் வரைவது என்று அப்போது நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. வகுப்பில் எல்லோரும் எதை வைத்திருந்தார்களோ அதையே நானும் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். மாணவர்க்கு இலவசம். கல்லூரி தந்த மின்னஞ்சல் முகவரியைக் காட்டினால் போதும், உள்ளே விட்டுவிடுவார்கள். உண்மையிலேயே நல்ல கருவி. கோடு இழுத்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இருக்கும். நான்கு மாதம் வரைந்தேன். ஞாயிறுதோறும் கைப்பேசியில் தாத்தா முகம் தோன்றும். திரையை அவருக்குக் காட்டுவேன். "அந்த அச்சை ரெண்டு மில்லிமீட்டர் கீழ இறக்கு. கடா தலை நிமிர்ந்து நிக்குது, முட்டுற ஆடு அப்படி நிக்காது" என்பார். இறக்குவேன். அப்படி அறுபது எழுபது திருத்தங்கள் இருக்கும். எதையும் நான் தாளில் எழுதவில்லை. கோப்பில்தான் இருக்கிறதே!

முதுகலை முடிந்தது. கல்லூரி மின்னஞ்சலை மூடினார்கள். மின்னஞ்சலோடு உரிமமும் போயிற்று. ஒரு நாள் காலை கோப்பைத் திறக்கப் போனால், பணம் கட்டு என்றது. அந்தப் பணம் என் ஆய்வு உதவித்தொகையை விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும். கோப்பு என் கணிப்பொறியில்தான் கிடந்தது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தது அந்த ஒரு மென்பொருள் மட்டுமே. பொதுவான வடிவம் ஒன்றில் ஒரு படி எடுத்து வைத்திருக்கலாம். வைத்திருக்கவில்லை. கையில் மிஞ்சியவை திரையைப் பிடித்த சில படங்கள். படம் உண்டு, அளவு இல்லை.

அதே மாதத்தில் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்துவிட்டது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது, கை திரும்பவில்லை. அந்தத் திருத்தங்களை எல்லாம் மறுபடி சொல்லுங்கள் என்று அவரிடம் எப்படிக் கேட்பது? ஊருக்குப் போனபோது நடந்ததை மட்டும் சொன்னேன். நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, "படம்... உன் கையில... இல்லியா மக்கா?" என்றார். நான் பேசவில்லை. "நாங்க அறுபத்து நாலுல வரைஞ்ச துணி... இன்னைக்கு விரிச்சாலும் தெரியும்" என்றார்.

விடுதிக்குத் திரும்பியதும் பக்கத்து அறை நண்பர் ஒருவர் பரிவோடு ஒரு வழி சொன்னார். உரிமத்தை உடைத்த திருட்டுப் படி ஒன்று அவரிடம் இருந்ததாம். நான் அரிச்சந்திரன் வம்சம் அல்லன். ஒரு மாலை முழுதும் அந்தப் பென்டிரைவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததற்குக் காரணம் அறம் பாதி, அச்சம் பாதி. அந்தப் பென்டிரைவால் வேறொரு நண்பரின் ஆய்வேடு ஏற்கெனவே படாதபாடு பட்டிருந்தது.

இப்போதுதான் முறையாகத் தேடத் தொடங்கினேன். என் மடிக்கணினி தமிழ்நாட்டு அரசு பன்னிரண்டாம் வகுப்பில் இலவசமாகத் தந்தது. வயதான மாடு, அதிகம் இழுக்காது. அதில் விண்டோஸ் ஒரு பக்கம், பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம் என்று இரண்டு இருந்தன. லினக்ஸ் பக்கத்தை நான் திறந்ததே இல்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் அப்படியில்லை. கேரளத்துப் பள்ளிகளில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பின்னர் முற்றிலும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் அத்திட்டம் கைட் என்னும் நிறுவனமாயிற்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கியதும் இந்நகரத்தில்தான், 2001 ஜூலை 20-இல். என் ஆய்வுக்கூடத்து மலையாள நண்பர்களுக்கு லினக்ஸ் என்றால் பள்ளிக்கூடத்து நெல்லிக்காய். கட்டற்றது என்றால் காசில்லாதது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள்தாம் திருத்தினார்கள். மென்பொருளின் மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், படியெடுத்துத் தரலாம். எழுதியவர்கள் கடையைச் சாத்தினாலும் இன்னொருவர் திறக்கலாம். தாத்தாவின் டிரேசிங் துணி எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

பலவற்றைப் பார்த்தேன். டிங்கர்கேட் என்பது உலாவியிலேயே ஓடும். கட்டைகளை அடுக்குவதுபோல் எளிது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மிக நன்று. ஆனால் இணையம் வேண்டும், எங்கள் விடுதி இணையமோ மழைக்கு முன்பே நனைந்துவிடும். ஆன்ஷேப் ஆற்றல் மிக்கது. அதுவும் உலாவிதான், காசில்லாமல் ஆள்வோரின் படங்கள் ஊர் முழுதும் பார்க்கத் திறந்தே கிடக்கும். எனக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் மறுபடி ஒருவர் வீட்டுத் திண்ணையில் பெட்டியை வைக்க மனம் வரவில்லை. பிளெண்டர் சிற்பிக்கு உரியது. முகம் செய்யலாம், தாடி வளர்க்கலாம். 2.7 மில்லிமீட்டர் துளையை மில்லிமீட்டர் பிசகாமல் வைத்து, நாளை அதை மாற்றுவதற்கு அது பொருந்தாது.

ஓப்பன்ஸ்கேட் என்று ஒன்றைக் கண்டபோது சிரிப்பு வந்தது. அதில் வரைவதே இல்லை, எழுதுகிறோம்! இவ்வளவு ஆரமுள்ள உருளை, அதிலிருந்து இதைக் கழி, இதைச் சுழற்று என்று வரிவரியாக எழுதினால் உருவம் எழும். தமிழ் மன்றத்தார்க்கு ஏற்ற கருவி. எண்ணுச் சக்கரத்தை அதில் பத்தே வரிகளில் எழுதினேன். வெட்டுகள் விழவேண்டிய இடங்கள் 1, 3, 6, 10, 15 என்று போய் 66, 78-இல் முடியும். ஒவ்வொன்றையும் 360-இல் 78-இல் ஒரு பங்கால் பெருக்கு என்று ஒரு கட்டளை. விசையைத் தட்டினேன், சக்கரம் வந்து நின்றது. தாத்தாவின் ஆறு பதிமூன்றை அதன்மேல் வைத்து ஒப்பிட்டேன், சரியாகப் பொருந்தியது. எனினும் கடாவின் கொம்பை எழுத்தால் வளைக்க முயன்று இரண்டு நாள் வீணாயிற்று. அந்தக் கொம்பு எந்த வாய்பாட்டுக்கும் மசியவில்லை.

இறுதியில் நின்றது ஃப்ரீகேட். 2002-இல் தொடங்கி, 2024 நவம்பரில்தான் 1.0 என்று தன்னைச் சொல்லிக்கொண்ட மென்பொருள். இருபத்திரண்டு ஆண்டு பொறுத்து ஒன்றாம் எண்ணைச் சூட்டிக்கொண்ட அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அழகில் பழைய மென்பொருளின் கால் தூசிக்கும் வராது. பொத்தான்கள் சாலைக் கடைத்தெருவில் சாமான் தொங்குவதுபோல் தொங்கும். பழைய பதிப்புகளில் பெரிய தொல்லை ஒன்றும் உண்டு. உருவத்தின் ஒரு பக்கத்தைத் திருத்தினால் மென்பொருள் முகங்களுக்கு இட்ட பெயர்கள் இடம் மாறிவிடும், காதில் இட்ட துளை வாலுக்குப் போய்விடும். 1.0 பதிப்பில் இது பெரிதும் சீராயிற்று. கோப்போ வெறும் ஜிப் பொட்டலம். பிரித்தால் உள்ளே படிக்கக்கூடிய எழுத்துகளே இருக்கின்றன. ஸ்டெப் என்ற பொது வடிவத்திலும் படி எடுக்கலாம், மற்ற மென்பொருள்களும் அதைத் திறக்கும்.

அதில் வரையும் முறையைச் சொல்ல ஒரு சிறு கிளைக்கதை. 1963 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்டு என்ற மாணவர் ஸ்கெட்ச்பேட் என்னும் தம் ஆய்வேட்டைத் தந்தார். ஒளிப்பேனாவால் திரையில் கோணல்மாணலாகக் கோடு இழுத்துவிட்டு, "இவை இரண்டும் இணை, இவை இரண்டும் சமம்" என்று சொன்னால் பொறி தானே நேராக்கிக்கொள்ளும். இன்றும் ஃப்ரீகேட்டில் அதையேதான் செய்கிறோம். முதலில் கிறுக்கு, பிறகு கட்டுப்பாடு. அதே 1963-இல், நவம்பர் 21 மாலை, இங்கே தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் கண் விரிந்தது. வேலையில் சேருமுன் நாகர்கோவிலில் நின்று வானத்தில் அந்தச் சோடியப் புகையின் செம்மஞ்சள் ஒளியைப் பார்த்தவர் அவர். "உலகம் முடியப்போவுதுன்னு... பக்கத்து வீட்டுப் பாட்டி அழுதா" என்றார். பக்கவாதத்துக்குப் பின் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

நாட்காட்டித் தாள்கள் அவர் பெட்டியிலேயே பத்திரமாக இருந்தன. கடாவின் நீளம், முகத்தின் அகலம், கொம்பின் வளைவு எல்லாம் பென்சிலில் கிடந்தன. அவற்றிலிருந்து மறுபடி தொடங்கினேன். இம்முறை அளவுகள் யாவற்றையும் ஃப்ரீகேட்டின் உள்ளேயே ஓர் அட்டவணையில் பெயரிட்டு எழுதினேன். 'பலகைக் கனம்', 'அச்சு உயரம்', 'கடாத் தலைச்சாய்வு'. படத்தில் எந்த எண்ணும் தனித்து நிற்காது, எல்லாம் அட்டவணையிலிருந்தே வரும்.

அதன் அருமை சாலைக் கடைத்தெருவில் தெரிந்தது. பெயர்ப்பலகையும் விருதுக் கேடயமும் செய்யும் ஒரு சிறு கடையில் லேசர் வெட்டும் பொறி இருக்கிறது. கடைக்காரர் என் முப்பரிமாணப் படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "டி.எக்ஸ்.எஃப். உண்டோ மோனே?" என்றார். தட்டையான கோட்டுப்படம் வேண்டும் என்று பொருள். ஃப்ரீகேட்டிலிருந்து எடுத்து, லிப்ரேகேட்டில் திறந்து, இரட்டைக் கோடுகளை நீக்கிக் கொடுத்தேன். வெட்டித் தந்தார். வீட்டுக்கு வந்து பூட்டிப் பார்த்தால் எல்லாம் லொடலொட. 3 மில்லிமீட்டர் என்று விற்ற பிளைவுட் உண்மையில் 2.7. போதாக்குறைக்கு லேசர் கதிர் தன் பங்குக்கு 0.2 மில்லிமீட்டரைத் தின்றிருந்தது. அளந்து பார்க்காமல் வரைந்தது என் குற்றம். தாத்தாவிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை. அட்டவணையில் 3 என்பதை 2.7 ஆக்கினேன், கதிர் தின்னும் அளவையும் சேர்த்தேன். நாற்பத்தொரு துண்டுகளிலும் எல்லாப் பொருத்துகளும் தாமே சுருங்கின. பழைய மடிக்கணினி மூச்சுவாங்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது.

முகத்தை மட்டும் கணிப்பொறியில் செய்யவில்லை. காகிதக் கூழில் கையாலேயே செய்தேன். மேத்தனுக்கு என் வேதியியல் பேராசிரியரின் சாயல் வந்துவிட்டது என்கிறார்கள். அது தற்செயல்.

சென்ற பொங்கல் விடுமுறையில் மாதிரியை ஊருக்கு எடுத்துச் சென்றேன். வண்டியில் மடியிலேயே வைத்திருந்தேன். நெய்யாற்றின்கரை தாண்டியதும் எதிரே இருந்த குழந்தைக்காக மூன்று மணி அடித்துக் காட்டினேன். அது அழவில்லை. தாத்தாவின் கட்டிலருகே ஸ்டூலில் வைத்தேன். கைப்பிடியை அவர் இடக்கைப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். பார்த்தார். தொட்டார். மெல்லச் சுற்றினார். வாய் திறந்தது. கடாக்கள் பாய்ந்தன. ஒன்று. நின்றது. மறுபடி சுற்றினார். இரண்டு. நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். ஏழுவரை சுற்றிவிட்டுக் கையை எடுத்தார்.

"நல்லாருக்கா தாத்தா?"

குனிந்து அச்சின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது கடா... பிந்துது மக்கா. அச்சை... ஒரு மில்லி... கீழ இறக்கு."

மடிக்கணினியைக் கட்டில்மேல் வைத்துத் திறந்தேன். கோப்பு திறந்தது. அட்டவணையில் 'இடது அச்சு உயரம்' என்ற இடத்தில் 42 இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 41 என்று மாற்றினேன். வரும் சனிக்கிழமை சாலைக் கடைக்கு மறுபடி போகவேண்டும். இம்முறை அளந்துவிட்டுத்தான் பலகை வாங்குவேன்.